வரைபடத்தில் பச்சை அடித்த நிலம்

என் வீட்டுக்காரருக்குச் சாவதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. புதைத்த பிறகு யாராவது மறுபடியும் தோண்டிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

அது காரணம் இல்லாமல் வந்த பயம் இல்லை. எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் இருக்கிறது. கபர்ஸ்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால். ஒரு காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்ததாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கிவிட்டன. என் மாமனார் மௌத்தானபோது குழி வெட்டுகிறவர்களோடு இவரும் நின்றிருக்கிறார். இடுப்பளவு வெட்டியதும் மண்வெட்டியில் ஏதோ தட்டியது. வேர் என்று நினைத்து ஒருவர் பிடித்து இழுத்திருக்கிறார். வந்தது கால் எலும்பு. யாருடையது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. அதைத் துணியில் சுற்றிக் குழியின் ஓரமாக ஒதுக்கி வைத்து, அதற்குப் பக்கத்திலேயே தன் தகப்பனாரை இறக்கி மண் தள்ளிவிட்டு வந்தார். வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சோறு வைத்தேன், தொடவில்லை.

அதன் பிறகு எப்போதாவது பேச்சு வந்தால் இதைத்தான் சொல்வார்.

"எனக்கு அடியிலயும் ஆளு இருக்கக் கூடாது. எனக்கு மேலயும் ஒருத்தன் மம்பட்டி போடக் கூடாது. அம்புட்டுத்தேன் நான் கேக்குறது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்பதற்கும் செய்வதற்கும் நான்தான். ஆனால் எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவது வழக்கம் இல்லை. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வீட்டு வாசல் வரை பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆண்கள் சொல்வதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆகவே அவர் கேட்டதை நான் என் அண்ணனிடம் ஒப்படைத்தேன். அண்ணன் கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஜமாத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவரும் என் வீட்டுக்காரரும் மச்சான் மச்சான் என்று ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாத ஆட்கள். புது இடம் பார்க்க வேண்டும் என்று ஜமாத்தில் முதலில் பேச்செடுத்ததே அண்ணன்தான்.

வீட்டுக்கு வீடு அரசாங்க டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. கரண்ட் மட்டும் நினைத்தபோது போய்விடும். அந்த வருடம் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். வெளியூர்க் காலேஜ் ஒன்றில் பெரிய படிப்புப் படிப்பவள். தஞ்சாவூர்ப் பக்கம். தனியாக வந்த பெண்ணை லாட்ஜில் விட வேண்டாம் என்று தெரிந்த வாத்தியார் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. முதல் சில நாட்கள் சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவள்தான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து அடுப்படியில் உட்கார ஆரம்பித்தாள். நாங்கள் 'வந்தாக, போனாக' என்று பேசுவது அவளுக்கு வேடிக்கை.

"யாரும்மா வந்தாக?" என்று என்னைப் போலவே சொல்லிப் பார்ப்பாள். சரியாக வராது. என் வீட்டுக்காரர் கூடத்தில் இருந்து, "இந்தப் புள்ள பேசுறது தூர்தர்சன்ல செய்தி வாசிக்கிற மாதிரியில்ல இருக்கு" என்பார்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முல்லையாறு நம் பள்ளத்தாக்கில் ஓடுகிறது அல்லவா, அது எங்கெங்கே பள்ளம் பறித்தது, எங்கே மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது, எங்கே முன்பு ஓடிப் பிறகு விட்டுவிட்டுப் போனது, இதையெல்லாம் படமாகப் போடுவது. முன்பெல்லாம் ஆட்கள் நடந்து பார்த்து வரைவார்களாம். இவள் கம்ப்யூட்டரை வைத்துச் செய்தாள். வானத்தில் இருந்து தரையின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். பூமி முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். ஒரு கட்டம் நம்ம ஊர்த் தோப்பு அளவு இருக்கும். அந்த எண்களை உள்ளே போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களோடும் ஆற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்து, தானாகவே இனம் பிரித்து, இனத்துக்கு ஒரு நிறம் அடித்துவிடும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ போய்ப் பார்க்காமல் அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உயரம் மட்டும்தான் தெரியும். மீதியை அது பிரிச்சுக்கும்."

சுளகில் புடைத்தால் அரிசி ஒரு பக்கமும் குருணை ஒரு பக்கமும் தவிடு ஒரு பக்கமும் தன்னால் ஒதுங்குகிறதே, அது மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். சுளகுக்கும் அரிசியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆனாலும் அவள் நடக்க வேண்டியிருந்தது. தென்னந்தோப்பு இருக்கிற இடத்தில் மரத்தின் தலையைத் தரை என்று எண்ணிக்கொண்டு அங்கே மேடு என்று போட்டுவிடுமாம். அதைச் சரிபார்க்கச் செல்போன் மாதிரி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் புறப்படுவாள். வெயில் ஏறி, முகம் கறுத்து, முழங்கால் வரை சேறோடு வருவாள். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து குனிந்து போய் முதுகு போய்விட்டது என்பாள். வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து திருத்துவாள். பார்க்கப் பார்க்க நிறம் மாறும். நேற்று மஞ்சளாக இருந்த இடம் இன்று ஊதா. எந்த நிறம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். நிறம் இன்னும் முடிவாகவில்லை, கடைசியில்தான் என்று சொன்னாள்.

வேலை முடிந்து ஊருக்குப் போகிற அன்று, மதுரையில் கொடுத்து அச்சடித்து வந்த ஒரு பெரிய வண்ணத்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் ஊரும் ஆறும் சுற்றுக் கிராமங்களும் அதில் இருந்தன. பஸ் ரோட்டில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. இதில் எது என்ன என்று இவர் கேட்டதற்கு, "ஓரத்துல எல்லாம் எழுதியிருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ். அவருக்கு அதுவும் கம்மி. கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆறு நீலமாக நெளிந்து போனது. அதன் இரண்டு பக்கமும் நல்ல இளம்பச்சை. அதற்கு அப்பால் செங்கல் நிறம்.

அந்தக் கோடையில் புது கபர்ஸ்தானுக்கு இரண்டு இடம் அமைந்து வந்தன. ஒன்று ரோட்டுக்கு மேற்கே, சரளையும் செம்மண்ணுமாக மேட்டில் இருந்தது. இன்னொன்று கிழக்கே, ஆற்றுக்குப் போகிற வழியில், பழைய வாழைத் தோட்டம். மண் மெத்தென்று இருக்கும். எதை எடுப்பது என்று ஜமாத்தில் இழுபறி. முக்கியமானவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒருநாள் கூடினார்கள், என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து தேனி ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்த நேரம் என்பதால். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரை வேண்டாம், தண்ணீர் வரும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அப்போதுதான் அண்ணன் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி நடுவில் விரித்தார். வானத்தில் இருந்து அளந்து கம்ப்யூட்டரே போட்ட படம், ஆள் யாரும் கையால் வரைந்தது இல்லை என்று சொன்னார். எல்லோரும் குனிந்தார்கள். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவர். ஓரத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். நீலத்துக்கு நேரே சேனல் என்று இருந்தது.

"சேனலா? இதுல கேபிள் டிவியும் தெரியுதா மாமு?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏலே, வாய்க்கால், ஆத்துக்கெல்லாம் பொதுப்பணித்துறைக்காரக சேனல்னுதேன் சொல்லுவாக. தெரியாட்டி வாயப் பொத்து" என்று அண்ணன் அதட்டினார்.

அது சரியாகத்தான் இருந்தது. நீலம் ஆறுதானே. அதனால் அடுத்ததையும் எல்லோரும் நம்பினார்கள். செங்கல் நிறத்துக்கு டெரஸ் என்று போட்டிருந்தது. மேற்கே இருக்கிற சரளை மேடு அந்த நிறத்துக்குள் வந்தது. டெரஸ் என்றால் மொட்டைமாடி, அது எனக்கே தெரியும். வானத்தில் இருந்து பார்க்கிறபோது மொட்டைமாடிதானே முதலில் தெரியும் என்று அண்ணன் சொன்னார். அந்தப் பக்கம் ரோட்டோரமாக ஏற்கெனவே காங்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. இன்னும் பத்து வருடத்தில் அங்கேயும் வீடு நெருக்கும், மறுபடி இதே கதைதான் என்று பேச்சு போனது.

அடுத்தது பச்சை. அண்ணன் வாசித்தார். ஃப்ளட் ப்ளைன்.

"ஃப்ளட்டுன்னா வெள்ளம், சரி. ப்ளைன்னா?" என்று அந்தப் பெரியவர் விடாமல் கேட்டார்.

"என்ன மாமு, நம்ம கடையில தெனம் பொழங்குற வார்த்தை. பூவு, கட்டம், கரை ஒண்ணும் இல்லாத சேலைக்கு என்ன பேரு? ப்ளைன் சேலை. ப்ளைன்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். ஃப்ளட் ப்ளைன். வெள்ளம் இல்ல. அம்புட்டுத்தேன்."

பெரியவர் தலையை ஆட்டினார். பிரியாணியில்கூடக் கறி இல்லாவிட்டால் ப்ளைன் என்றுதானே சொல்கிறான் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அதோடு முடிந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்பர் படத்துக்குக் கீழேயே இருந்தது. தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அது தெரிந்த வார்த்தை. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் தெரிந்த வார்த்தைதான். என் பெட்டியிலேயே ப்ளைன் சேலை இருந்தது.

வாழைத் தோட்டத்தையே பேசி முடித்தார்கள். வேலி போட்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு துஆ ஓதினார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனுடைய ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து என்னிடம், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன், மாவு மாதிரி இருக்கிறது, ஒரு கல் இல்லை, ஓர் எலும்பு இல்லை என்று சொன்னார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் அடிக்கடி பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார்.

ஆவணி முடிகிற சமயம் மௌத்தானார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். புது இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை, அடியிலும் இல்லை. அடக்கிவிட்டு வந்த அண்ணன் என் முன்னால் உட்கார்ந்து, மச்சான் கேட்ட மாதிரியே செய்துவிட்டேன் தங்கச்சி என்று சொல்லி அழுதார். தலைமாட்டில் ஒரு கல் ஊன்றி இருப்பதாகச் சொன்னார். எனக்கும் அழுகையோடு ஒரு திருப்தி இருந்தது. பிள்ளை இல்லாத மனிதர் கேட்டது அது ஒன்றுதான்.

நான் இத்தாவில் இருந்தேன். புருசன் இறந்தால் பெண் குறிப்பிட்ட காலம் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது. மதினி, அண்ணனுடைய மனைவி, துணைக்கு வந்து இருந்தாள். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. முதலில் சாதாரண மழை. பிறகு மலையில் மேகம் இறங்கி ஊரே தெரியாமல் போனது. மலையில் இருந்து வருகிற ஓடைகள் எல்லாம் ஒன்றாக ஆற்றில் விழுந்தன என்றார்கள். ஒருநாள் விடிந்தபோது, எங்கள் வீட்டில் இருந்தே ஆற்றுச் சத்தம் கேட்டது. அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்கு ஆற்றுச் சத்தம் கேட்டதே இல்லை. மதினி என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். எரிகிற அடுப்பை.

மத்தியானம் அண்ணன் வந்தார். தொடை வரை சேறு. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"தண்ணி இறங்கட்டும் தங்கச்சி. பாப்பம்."

"அவுக இருக்குற எடம்?"

"தண்ணி இறங்கட்டும்."

தண்ணீர் இறங்கியபோது வேலி இல்லை. கரை அறுந்து தோட்டத்தில் பாதி ஆற்றோடு போயிருந்தது. மீதிப் பாதியில் ஆள் உயரத்துக்கு வெள்ளை மணல் ஏறிக் கிடந்தது. எங்கே கேட் இருந்தது, எங்கே வேப்பங்கன்று வைத்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. தலைமாட்டுக் கல் மட்டும் கீழே வெகுதூரம் தள்ளி ஒரு வாழைக்கட்டையில் சிக்கி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் போட்டார்கள். அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மணலைத் தோண்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் தோண்டுவார், இல்லை, அங்கே என்பார். அங்கே தோண்டுவார். ஈர மணல், வெட்ட வெட்டச் சரியும். பிறகு அவர் கடைக்குப் போகாமல் தினமும் அங்கேயே போய் நிற்பதாக மதினி சொல்லி அழுதாள். கடைசியில் ஹஜ்ரத் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் ஆற்றோடு போயிருந்தாலும், மணலுக்குக் கீழே இருந்தாலும், எங்கே என்று அல்லாஹ்வுக்குத் தெரியும், நீங்கள் தோண்டித் தோண்டி அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தொந்தரவுக்குத்தானே அவர் பயந்தார்.

மழை விட்ட பிறகு அந்தப் பெண் வந்தாள். வெள்ளம் எதுவரை ஏறியது என்று பார்த்துத் தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவளுடைய சார் அனுப்பியிருந்தாராம். என் வீட்டுக்காரர் மௌத்தானது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கூடத்தில்தான் இருந்தார். எங்கே அடக்கினீர்கள் என்று கேட்டாள். அண்ணன் எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

அவள் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனாள்.

"ஐயா, அது பச்சைக்குள்ள இருக்கே. அங்க எப்படி..."

"பச்சைன்னுதானம்மா எடுத்தோம். ஃப்ளட் ப்ளைன்னு நீதானே போட்டுருக்க."

"ஆமாங்க. வெள்ளம் வந்தா பரவுற இடம்."

"ப்ளைன்னு போட்டுருக்கியேம்மா."

"ப்ளைன்னா சமவெளிங்க ஐயா. ஆறு நிறைஞ்சா இந்தச் சமவெளியிலதான் வந்து பரவும்னு அர்த்தம். அதுக்குத்தான் பச்சை."

அண்ணன், "எங்க கடையில..." என்று ஆரம்பித்தார். படத்தில் வைத்த விரலை எடுக்காமலே நின்றார்.

பிறகு அவளே மெல்லச் சொன்னாள். டெரஸ் என்று போட்டிருப்பது வீட்டு மாடி இல்லையாம். ஆறு எத்தனையோ காலத்துக்கு முன்பு உயரத்தில் ஓடி, பிறகு கீழே பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கியபோது விட்டுவிட்டுப் போன படியாம். அங்கே தண்ணீர் ஏறாது. இந்த வெள்ளமும் ஏறவில்லை. பச்சையும் செங்கல் நிறமும் சேருகிற கோடு எங்கே இருந்ததோ, ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றிருக்கிறது. அவளுடைய படிப்புக்கு அது பெரிய விசயமாக இருந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாகப் பிரித்தது சரியாகிவிட்டது. அதைச் சந்தோசமாகச் சொல்ல வேண்டிய இடத்தில், புருசனைப் பறிகொடுத்த ஒருத்தியின் வீட்டில் நின்று அழுதுகொண்டே சொன்னாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, அவள் பொய் சொல்லவில்லை, அண்ணனும் தெரிந்து ஒன்றும் செய்யவில்லை. யார் மேலும் போட முடியாத பாரத்தை எங்கே இறக்கிவைப்பது?

ஜமாத்து அந்த இடத்தைக் கைவிட்டது. மேற்கே சரளை மேட்டையே வாங்கினார்கள். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும், ஒரு குழிக்கு நாலைந்து ஆள் வேண்டும், ஆனாலும் தண்ணீர் வராது. குழி வெட்டி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் யாராவது அண்ணனை நினைத்துக்கொள்வார்கள். படம் விரித்த அன்று கம்ப்யூட்டர் ராவுத்தர் என்று மரியாதையாகச் சொன்ன இளவட்டங்கள் பிறகு ப்ளைன் ராவுத்தர் என்று பெயர் வைத்தார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டார். கடையில் அந்த வார்த்தையை அவர் அப்புறம் வாயில் எடுக்கவே இல்லை என்று மதினி சொன்னாள். யாராவது ப்ளைன் சேலை கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாராம். வேலைக்கு இருந்த பெண்கள்தான் எடுத்துப் போடுவார்களாம். உடம்பும் பாதியாகிவிட்டது. என்னைப் பார்க்க வந்தால் பேசாமல் உட்கார்ந்திருந்து, டீ ஆறிப்போன பிறகு எழுந்து போவார். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். எங்கள் இருவருக்கும் பேச்சு கம்மி என்பது போய், பேச்சே இல்லை என்று ஆனது.

இத்தா முடிந்தது. முதல் வெள்ளிக்கிழமை கழித்து அண்ணன் வந்தபோது, நான் அங்கே போக வேண்டும் என்று சொன்னேன்.

அவர் திகைத்துப் போனார். "பொம்பளைக கபர்ஸ்தானுக்குப் போறதில்லையே தங்கச்சி."

"அது இப்பக் கபர்ஸ்தானாண்ணே?"

கைவிட்ட இடம், வேலி இல்லை, பெயர் இல்லை. ஆற்றுக்குப் போக எந்தப் பெண்ணுக்கும் தடை இல்லை. துணி துவைக்கப் போகிறார்கள், மாடு குளிப்பாட்டப் போகிறார்கள். அண்ணன், ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று எழுந்தார்.

ஆட்டோ வயல் பாதையில் ஓரளவுக்குத்தான் போனது. மீதியை நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். நெல் நட்டிருந்தார்கள், பாதை வழுக்கியது. நான் கல்யாணமாகி வந்ததில் இருந்து அந்தப் பக்கம் போனதே இல்லை. மேட்டில் ஏறிப் பார்த்தபோது ஒரே வெள்ளை மணல். வெயிலில் கண் கூசியது. மணலுக்கு நடுவில் இரண்டு டிராக்டர்கள் நின்றன. ஆட்கள் கூடை கூடையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் கொண்டுவந்த புது மணல், கட்டட வேலைக்கு நல்ல மணல். ஏற்கெனவே பள்ளம் பள்ளமாக அள்ளியிருந்தார்கள்.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் அது தெரியாது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் அவரைத் தாண்டி மணலில் இறங்கினேன். வேற்று ஆண்களிடம் நான் அதுவரை நேராகப் பேசியதில்லை. காய்கறிக்காரரிடம்கூடக் கதவோரத்தில் இருந்துதான் கேட்பேன். கால் புதையப் புதைய நடந்து போய், அள்ளிக்கொண்டிருந்தவர்களில் பெரியவராகத் தெரிந்த ஒருவரிடம் நின்றேன். முந்தானையால் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கன எங்க வீட்டுக்காரர அடக்கியிருக்கு" என்றேன்.

அந்த ஆள் கூடையைக் கீழே வைத்தார். மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கெட்ட மனிதர்கள் இல்லை, கூலிக்கு வந்தவர்கள்.

"எங்களுக்குத் தெரியாது ஆத்தா. யாரும் சொல்லலையே. எந்த எடம்னு காட்டுங்க, அத விட்டுட்டு மத்ததுல அள்ளுறோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மேட்டில் இருந்து இறங்கி வந்தார். ஆற்றைப் பார்த்தார், எதிர்க்கரையில் இருந்த தென்னைகளைப் பார்த்தார், திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தார். அங்கன, என்று கையை நீட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, இல்ல, இங்கன, என்று வேறு பக்கம் காட்டினார். அந்த ஆள் மரியாதையாக அவர் காட்டிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன டிராக்டரின் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வெகுநேரம் நின்றோம். அண்ணனால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது. நான் இங்கே முதல் தடவையாக வருகிறேன்.

"நீங்க யோசிச்சு வைங்க ஆத்தா" என்று அந்த ஆள் சொன்னார். கூடையை எடுத்துக்கொண்டு, எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், மறுபடியும் அள்ள ஆரம்பித்தார்.